தீவகத்தின் நல்ல தண்ணீர்

யாழ்ப்பாண நகரத்துக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் ஆழமற்ற கடலில் சிதறிக்கிடக்கும் தீவுகளை அவ்வூரார் ‘தீவகம்’ என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பர். வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று எண்ணினால் எட்டு வருகிறது. ஆனாலும் பேச்சிலும் எழுத்திலும் ‘சப்த தீவுகள்’ என்றே வழங்குகிறது. ஏழு என்ற எண்ணின் மீது நமக்குள்ள பற்று அத்தகையது.

இத்தீவுகளில் மலை கிடையாது. ஆறும் கிடையாது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே தலைகாட்டும் சுண்ணக்கல் பாறைகள் இவை. மேலே மெல்லியதொரு மண் போர்வை, பனை, சில இடங்களில் தென்னை. மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணக்கல் இது என்பர் நிலவியலார். குடாநாடு முழுவதற்கும் அடித்தளமும் இதுவே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழை இந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியில் நிற்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கு மறுபுறமும் வேலை செய்யும். மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழிருந்து நாற்பதடி உப்பு ஏறும். அளவுக்கு மீறி இறைத்த கிணறு ‘உவராகி’விட்டது என்பார்கள். தீவக மக்கள் கிணறுகளை ஆழத்தாலோ அகலத்தாலோ பிரிப்பதில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு, உவர்க் கிணறு என்ற இரண்டே வகைதான்.

தீவகத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் அரசர்களும் கோட்டைகளும் கோயில்களும் நிறைய உண்டு. கிணறுகள் குறைவு. துறை துறையாகப் படகில் சென்று பார்த்தபோது, இந்தக் குறை ஒரு சிறிய குறையன்று என்று நமக்குத் தோன்றிற்று.

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவின் வடமேற்கு முனைக்குச் சென்றால் ஊர்காவற்றுறை. போர்த்துக்கீசர் தம் மொழியில் துறை என்று பொருள்படும் சொல்லால் இதை ‘காயிஸ்’ என்றனர். ஆங்கிலத்தில் கேற்ஸ் என்று இன்றும் நிற்பது அதுவே. தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பன் இதற்கு அண்மையில் உள்ளது. உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய மனிதர் ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே உள்ள ஒடுங்கிய கடலைக் கடக்க ஒரு தட்டையான மிதவை ஓடுகிறது. அதற்குப் பெயர் ‘பாதை’. நீரின் மேல் நகரும் பொருளைப் பாதை என்றழைக்கும் வழக்கு இலங்கைத் தமிழின் அழகுகளில் ஒன்று. வண்டி, மனிதர், சைக்கிள், மீன்பெட்டி எல்லாம் பாதையின் மேல் நிற்க, பாதை நகர்ந்து போகிறது.

அப்படி நகரும்போது கடலின் நடுவே ஒரு கோட்டை தெரியும். ஊரார் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மென்ஹீல். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. அத்தொடையின் குதிகால் இக்கோட்டை. போர்த்துக்கீசர் கட்டிய இதை ஒல்லாந்தர் 1658இல் முற்றுகையிட்டார்கள். சுற்றிலும் கடலே அகழியாக நிற்கும் கோட்டை. மதிலை எளிதில் நெருங்க முடியாது. கோட்டையை வீழ்த்தியது தாகம். உள்ளே இருந்த குடிநீர்ச் சேமிப்பு அழிந்ததும் காவற்படை சரணடைந்தது. அந்தப் பாடத்தை வென்றவர்கள் மறக்கவில்லை. தாங்கள் கோட்டையைத் திருத்திக் கட்டியபோது மழைநீரைச் சேர்க்கக் கல்லாலேயே தொட்டி அமைத்துக்கொண்டார்கள். இன்று கடற்படையினர் இதை ஒரு தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள்.

இவ்வூர்காவற்றுறைதான் பழைய ஊராத்துறை. அதன் பெயர் கல்லில் இருப்பதைக் காண நயினாதீவுக்குப் போகவேண்டும். வேலணையிலிருந்து வாணர் பாலம் வழியாகப் புங்குடுதீவு, அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து கால்மணி நேரப் படகு. படகில் வெள்ளையுடுத்த சிங்கள யாத்திரிகர்களும் பட்டுடுத்த தமிழ்க் குடும்பங்களும் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தார்கள். ஒரு சாரார் நாகவிகாரைக்கும் மறுசாரார் நாகபூசணி அம்மனுக்கும் போகிறவர்கள். இரண்டும் ஒரே கரையில் நடக்கும் தொலைவில் உள்ளன.

நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவினுடையது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா இதைப் படித்து 1963இல் வெளியிட்டார். சிங்கள அரசன் ஒருவன் தன் ஆணையைத் தமிழில் பொறித்திருக்கிறான் என்பதையே பலரும் பேசுகிறார்கள். அது பேசத்தக்கதுதான். நம் மனத்தில் தங்கியது ஆணையின் உள்ளடக்கம். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்கிறது கல்வெட்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. கலம் உடைவதை ஒரு நிகழக்கூடிய செய்தியாக எடுத்துக்கொண்டு அதற்கு விகிதம் வகுக்கும் ஆட்சி இது. இந்தக் கடலின் கல்லும் மணல்திட்டும் எத்தனை கப்பல்களைத் தின்றிருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே ஊராத்துறையில் பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டுகிறான் என்ற செய்தியைச் சோழர் பக்கத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு தருகிறது. இரண்டாம் இராசாதிராசன் காலத்தது அது. சோழர் ஏவிய படை அங்கே புகுந்து யானைகளைப் பிடித்துச் சென்றதையும் சொல்கிறது. ஆக, இருதரப்புக் கல்வெட்டுகளிலும் இத்துறையோடு யானை வருகிறது. யானையும் குதிரையும் நிறைய நீர் குடிப்பவை. கடல்கடந்து வந்த விலங்குக்கு முதல் தேவை நன்னீர். ஊர்காவற்றுறை இருக்கும் அதே தீவில், வேலணைச் சாட்டியில், மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அண்மைக் காலம் வரை மற்றத் தீவுகளுக்குக்கூட அங்கிருந்துதான் தண்ணீர் போயிற்று. துறை அமைந்ததற்கும் நீருக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்பது நம் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே அதை வைக்கிறோம்.

நயினாதீவில் நிற்கும் தமிழ் ஆசிரியன் எவனும் மணிமேகலையை நினைக்காமல் திரும்பமுடியாது. மணிபல்லவம் என்பது நயினாதீவே என்று முதலியார் செ. இராசநாயகம் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்ற பொருளில் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூலில் வாதிட்டார். மகாவம்சம் கூறும் நாகதீபக் கதையிலும் மணியாசனத்துக்காகச் சண்டையிடும் நாக அரசர்கள் வருவதால், இரண்டையும் ஒன்றாக்குவது எளிதாயிற்று. நிலப்படத்தில் பூம்புகாரிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் அது நயினாதீவின் அருகே வந்து முட்டுகிறது என்பதும் உண்மை. ஆனால் காப்பியம் கூறும் தொலைவு முப்பது யோசனை. நிலப்படத் தொலைவோ சுமார் 170 கிலோமீட்டர்; யோசனைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகளில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. சாத்தனார் அளவுகோலோடு எழுதினார் என்று நாம் கருதவும் இல்லை. இது தீராத வழக்கு; தீர்ப்பதில் நமக்கு அவசரமும் இல்லை.

நாம் சொல்லவந்தது ஆபுத்திரனைப் பற்றி. சாவகம் செல்லும் கலம் மணிபல்லவத்தருகே நிற்கிறது. ஆபுத்திரன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி இரவிலேயே கலம் போய்விடுகிறது. கையில் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. உண்ண ஆளில்லாத தீவு. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். பின் சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறந்து, மணிமேகலையோடு திரும்பிவந்து, மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்பைத் தானே காண்கிறான். தமிழில் தீவைப் பற்றி எழுதப்பட்ட முதன்மையான கற்பனை இதுதான் என்பது நம் எண்ணம். படகைத் தவறவிட்டவன், பொய்கை, அயல்நாட்டிலிருந்து தன் எலும்பைத் தேடி வருகிறவன். வகுப்பறையில் பல ஆண்டுகள் இதை நடத்தியபோது தோன்றாத ஒன்று இறங்குதுறையில் நின்றபோது தோன்றிற்று. பக்கத்தில் பாரிசிலிருந்தும் தொராண்டோவிலிருந்தும் வந்திருந்த குடும்பங்கள், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தங்கள் பழைய வீடு இருந்த திசையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணி நேரம். ஆழ்கடலின் அலை அங்கே தொடங்கிவிடுகிறது. கீழ்த்தட்டில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சுமார் 50 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவே தூரத்தால் கடைசியானது. பசுத்தீவு என்று தமிழிலும் ஒரு பெயர் உண்டு. போர்த்துக்கீசரும் பசுக்களின் தீவு என்றே அழைத்தார்கள். ஒல்லாந்தர் வந்ததும் தங்கள் ஊர்ப்பெயர்களை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றவை உதிர்ந்துபோயின. டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்திலும் அரசுப் பதிவுகளிலும் ஒட்டிக்கொண்டது.

நெடுந்தீவில் கண்ணில் முதலில் படுவது வேலிகள். குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் வேலியாக நிற்க, இங்கே பவளக்கல்லும் சுண்ணக்கல்லும் வேலி. சாந்தில்லை, கல்லின் மேல் கல்லை அதன் முனை பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். இடுக்குகளில் காற்று புகுந்து போகிறது. அதனாலேயே சுவர் நிற்கிறது. உழவனுக்குக் கல் ஒரு தொல்லை, அதை நிலத்திலிருந்து பொறுக்கி எல்லையில் போட்டால் தொல்லை வேலியாகிறது. பாழடைந்த ஒல்லாந்தர் கோட்டையும் அதே கல்லால் ஆனது. வெடியரசன் கோட்டை என்று ஊரார் காட்டும் இடத்தின் கற்குவியலும் அதே கல். அங்கே பழைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் உள்ளன. வெடியரசன் கதையோ வேறு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கலமேறிய மீகாமன் இவனோடு போரிட்டதாகக் கண்ணகி வழக்குரையின் கடலோட்டுப் பகுதி பாடுகிறது. சிலப்பதிகாரத்தில் இல்லாத ஒரு கடற்போரை ஈழத்தார் கண்ணகி கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கதையைத் தங்கள் கடலில் நனைத்தெடுத்தால்தான் அது தங்களுடையதாகும் என்று அவர்கள் எண்ணியிருக்கவேண்டும்.

குதிரைகளையும் பார்த்தோம். அயலார் ஆட்சிக்காலத்தில் இங்கே வளர்த்து, பின் கைவிட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை. தெற்கு வெளிகளில் சவாரியறியாமல் திரிகின்றன. லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. சுற்றுலாப் படங்களில் இக்குதிரைகள் மிக அழகு. கடுங்கோடையில் குளம் வற்றி, நீரின்றி அவை இறந்துவிழுந்த செய்திகள் வந்ததுண்டு. வளர்த்தவன் இறைத்து ஊற்றிய காலம் வேறு. இன்று அவை மழையை நம்பியிருக்கின்றன. பராக்கிரமபாகு காலத்தில் முக்கால் பங்கு சலுகை பெற்ற விலங்கு இது.

நீரில்லாமையே ஒரு தீவின் தலைவிதியாவதைக் கச்சதீவில் காணலாம். இலங்கை ஆட்சி அமைப்பில் அது நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்தது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி இருகரையிலும் பேசப்பட்டவை ஏராளம். அவற்றுள் நாம் நுழையவில்லை. அங்கே குடிநீர் இல்லை, ஆகவே குடியில்லை, ஆகவே அதைக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது என்று பேச இயன்றது. அந்தோணியார் திருவிழாவுக்கு இருநாட்டுப் பக்தரும் கூடும் இரண்டு நாள்கள் நீங்கலாக அங்கே மனிதக்குரல் அரிது.

நெடுந்தீவுப் படகைப் பற்றிப் பேசுகிறவர் ‘குமுதினி’யைச் சொல்லாமல் இருக்கமுடியாது. பல்லாண்டுக் காலம் அத்தீவை உலகோடு சேர்த்துவைத்த அரசுப் படகு அது. 1985 மே 15ஆம் நாள் காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்தபோது கடலில் வழிமறிக்கப்பட்டது. ஏறியவர்கள் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். கடற்படையினர் என்பதே தப்பியோர் சொன்னது. இருபத்து மூவருக்குக் குறையாதவர் இறந்தனர் என்பது மனித உரிமை அமைப்பொன்றின் கணக்கு. ஊரார் முப்பத்தாறு என்கின்றனர். குழந்தைகளும் அதில் அடக்கம். எவரும் தண்டிக்கப்படவில்லை. படகைக் கழுவித் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள். வேறு படகு இல்லை. தன் உறவினர் வெட்டப்பட்ட பலகையின் மேல் அமர்ந்து ஒருவர் மறுபடியும் யாழ்ப்பாணத்து ஆசுபத்திரிக்கோ கச்சேரிக்கோ போய்வந்திருக்கிறார், ஒரு முறையன்று, பல்லாண்டுகள். நினைவுச்சின்னம் என்பது நின்றுகொண்டிருக்கவேண்டும் என்பதே பொது வழக்கம். குமுதினி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் குறிகட்டுவானில் இறங்கினால் புங்குடுதீவு முழுவதையும் தரைவழியே கடந்தாகவேண்டும். 1990ஐ ஒட்டிய போர் ஆண்டுகளில் ஆளொழிந்த ஊர் இது. கூரையற்ற கல்வீடுகள், உள்ளே வளர்ந்த மரங்கள். ஒவ்வொரு வளவிலும் கிணறு. யாழ்ப்பாணத்து உறுதிகளில் நிலத்தோடு சேர்த்துக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படும். ஒரு கிணற்றின் எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் உரிமையுடையோர் உண்டு. இப்போது பங்காளிகள் நான்கு கண்டங்களில் இருக்கிறார்கள். கிணறு அப்படியே இருக்கிறது.

பங்கே இல்லாதவர்களும் இருந்தார்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை பள்ளரையும் நளவரையும் அடிமைகளின் வரிசையில் வைக்கிறது. அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. சாதியின் பெயரால் பொது இடங்களில் உரிமை மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. கிணற்றுக்கட்டுக்கு இந்த ஆண்டுகள் எதுவும் தெரியாது. தாழ்த்தப்பட்டோர் குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும். உரிமையுடைய ஒருவர் வந்து, மனமிருந்தால், அள்ளி ஊற்றுவார். உவர் மிகுந்த இத்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் சிலவே என்பதால், ‘எங்களுக்கென்று வேறு கிணறு வெட்டிக்கொள்கிறோம்’ என்ற வழியும் அடைபட்டிருந்தது.

இங்கேதான் மு. தளையசிங்கம் வருகிறார். சிற்றிதழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ‘புதுயுகம் பிறக்கிறது’, ‘போர்ப்பறை’, மறைவுக்குப் பின் வந்த ‘மெய்யுள்’ ஆகியவற்றை வைத்து அவரது மெய்யியலைப் பற்றி நாம் நிறைய வாதிட்டிருக்கிறோம். சில வேளை வாதத்தின் சூட்டில் ஆளை மறந்தும் இருக்கிறோம். புங்குடுதீவில் பிறந்து, ஆசிரியராக இருந்து, அங்கே சர்வோதயப் பணி செய்தவர். 1971இல் கண்ணகி அம்மன் கோயிலையொட்டிய நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தாங்களே நீர் அள்ளும் உரிமைக்காக அறப்போராட்டம் நடத்தினார். வழக்குரைத்து அரசனையே எதிர்த்தவளின் கோயில் அது. காவல்துறையினர் அவரை அடித்தனர். அதற்குப் பின் உடல் தேறவில்லை. 1973இல், நாற்பதை எட்டாத வயதில் இறந்தார்.

அவருடைய எழுத்தை மதிப்பிடுவோர் பலரும் இந்த நிகழ்ச்சியை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வைத்து நகர்ந்துவிடுகிறார்கள். புங்குடுதீவின் வெயிலில் அக்கிணறுகளைப் பார்த்த பிறகு அந்த ஒரு வரி நமக்குப் போதவில்லை. மனித குலம் முழுவதும் மாறப்போகிறது என்று எழுதிய ஒருவர், அந்த மாற்றம் ஒரு குடம் தண்ணீரில் தொடங்கவேண்டும் என்று நினைத்தார். அதற்கு ஏற்ற இடத்தைத் தம் ஊரிலேயே கண்டார். அவருடைய கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. இந்தச் செயலில் இல்லை.

நிலவியலார் கூறுவதை இங்கே மறுபடி நினைத்துப் பார்த்தோம். நல்ல தண்ணீர்ப் பாங்கான நிலத்தில் சுண்ணக்கல்லின் அடியில் மிதக்கும் நீர் ஒரே வில்லை. மறுக்கப்பட்ட கிணற்றில் நிற்பதும் அடுத்த வளவின் கிணற்றில் நிற்பதும் அதுவே. ஒன்றில் இறைத்தால் மற்றதில் மட்டம் இறங்கும். ஒன்று உவரானால் பக்கத்ததும் உவராகும். கிணற்றுக்கட்டுக்கு மேலே பிரித்துவைத்ததை அடியில் எவராலும் பிரிக்க முடிந்ததில்லை.

2024இல் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. நெடுந்தீவிலும் சிறிய அளவில் அத்தகைய ஏற்பாடு உண்டு. குழாய் வந்தபின் கிணறுகளுக்கு வேலை குறையும். புங்குடுதீவுத் தெருவில் நாம் கண்ட கிணறுகள் பலவற்றின் துலா விழுந்து கிடந்தது. ஒன்றின் கட்டில் ஏறி எட்டிப்பார்த்தோம். ஆழம் அதிகமில்லை. அடியில் தெளிந்த நீரும், அதற்கடியில் வெள்ளையாகக் கல்லும் தெரிந்தன. பக்கத்து வளவில் ஒரு முதியவள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தாள். குடிக்கலாமா என்று கேட்டோம். “நல்ல தண்ணிதான், குடியுங்கோ” என்று வாளியை நீட்டினாள்.